கரையை அழகுபடுத்தியது போதும், ஓடைகளைப் பாருங்கள்

கொடைக்கானல் ஏரியையும் அதையொட்டிய பூங்காவையும் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், எங்கள் வாக்கை வாங்கிப் பதவியில் அமர்ந்திருக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். என் அப்பாவுக்கும் அதுதான் தொழில். அம்மா பூங்காவில் தினக்கூலிக்கு நாற்று நட்டவர். சீசனில் கூட்டம் வந்தால்தான் எங்கள் வீட்டில் கடன் அடையும். அதனால் சுற்றுலாவே வேண்டாம் என்று கொடி பிடிக்கும் ஆளாக நினைத்து இந்த மடலை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

போன மே மாதம், ஏரிச் சாலைக்கு அடியில் குழாய் வழியாக ஓர் ஓடை வந்து ஏரியில் விழும் இடத்தில் பல நாள் நின்று பார்த்தேன். விடியற்காலையில் தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் வருகிறது. விடுதிகளில் குளியல் முடிந்து, சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவ ஆரம்பித்ததும் நிறம் சாம்பலாக மாறுகிறது. ஒன்பது மணிக்கெல்லாம் மேலே சோப்பு நுரை, அதன் மேல் எண்ணெய்ப் படலம், பக்கத்தில் நிற்க முடியாத வாடை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். படம் எடுத்து, மனு எழுதி, ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெயில் காலத்துல தண்ணி குறைஞ்சா வாடை வரத்தான் செய்யும், மழை பெஞ்சா சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மழையும் பெய்தது. வாடை போனது. அந்த அழுக்கு அப்படியே ஏரிக்குள் போனது. இதைச் சரியாகிவிட்டது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

இந்த ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் மூன்று ஓடைகளை மறித்துக் கரை போட்டதால் உண்டானது. ஏரியில் மீன் விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகை மலைக்கு வரவழைத்ததும் அவர்தான். அப்புறம் 1890-இல் படகுக் குழாம் வந்தது. வெளியூர்ப் பயணிகள் படகில் ஏற 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 60 ஏக்கர் பரப்பு, நட்சத்திரம் மாதிரி பல கைகளாகப் பிரிந்த கரை, சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் சாலை. என்னிடம் சைக்கிள் எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

மலையின் கதை லெவிஞ்சோடு தொடங்கவும் இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் போனால் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் பளியர் பழங்குடிகள் வாழ்ந்த மலை இது. 1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி வந்து அளந்தார். மதுரையின் வெக்கையிலும் காலராவிலும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே வீடு கட்டினார்கள். சாலை இல்லாத காலம். துரைமாரும் அவர்கள் குடும்பமும் டோலியில் உட்கார்ந்திருக்க, அடிவாரத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். கோக்கர், பிரையண்ட், லா என்று துரைமார் பெயர்கள் நடைபாதையிலும் பூங்காவிலும் மலைப்பாதையிலும் நிலைத்துவிட்டன. சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இந்த ஊரில் எங்கேயும் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, ஏரிக்கு வருகிறேன். மூன்று ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி என்றால், ஓடைகள் எதைக் கொண்டுவருகின்றனவோ அதுதான் ஏரி. சுற்றியுள்ள சரிவுகளில் எங்கே என்ன கொட்டினாலும் கடைசியில் வந்து சேரும் பள்ளம் இது. நீங்கள் இத்தனை காலமாகச் செய்துவரும் வேலைகளைப் பாருங்கள். கம்பி வேலி, நடைபாதைக் கல், விளக்குக் கம்பம், செல்ஃபி எடுக்க ஓர் இடம். எல்லாம் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் சில அடி அகலத்துக்குள் முடிந்துவிடுகின்றன. சாலைக்கு மேலே, ஓடைகள் இறங்கிவரும் சரிவில் உங்கள் கண் போகவில்லை. அந்த ஓடைகளில் சில இன்று கட்டடங்களுக்கு அடியில் குழாயாக ஓடுகின்றன. சிலவற்றின் கரையில் விடுதிச் சுவர் எழும்பி நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வந்து பாருங்கள்: ஜேசிபி வைத்து வெட்டிய மேட்டிலிருந்து செம்மண் கரைந்து, ஏரியின் ஒரு கை முழுக்கப் பழுப்பாக நிற்கும். அந்த மண் எங்கேயும் போகாது. அடியில் படிந்து ஏரியின் ஆழத்தைத் தின்னும்.

சாக்கடையும் ஏரியில் மண்டும் களையும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்து நீங்கள் வேலை செய்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீருக்குள் போடும் உரம். அதில்தான் களை மண்டுகிறது. களை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்கிறது, மீன் மூச்சுமுட்டுகிறது. களையை அறுப்பதில் தவறில்லை. ஆனால் அறுத்த களையைக் கரையிலேயே குவித்துவைத்து நாள் கணக்கில் விட்டுவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குவியலின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு சாறு கசிந்து, புல்லுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டு மறுபடி ஏரிக்கே இறங்குகிறது. வெளியே எடுத்த உரத்தை நாமே திரும்ப உள்ளே ஊற்றுகிறோம். லாரி வைத்து அன்றைக்கே அகற்றினால் அது நல்ல எருவாகும். மேல்மலையில் காரட்டும் பூண்டும் போடுகிற விவசாயிகள் இருக்கும்போது எரு வாங்க ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி பாதரசம். பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மலையில் இயங்கிவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, 7.4 டன், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001-இல் ஊர் மக்களும் சூழல் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதென்று போராடிய முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தாக 2016 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில், அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நம் ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து சொன்னார்கள். பாதரசம் ஆவியாகிக் காற்றோடு போய், மழையோடு இறங்கும். வண்டலில் தங்கிவிட்டால் பல பத்தாண்டுகள் கிடக்கும். அங்கே ஆக்சிஜன் குறைந்தால், நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனின் உடம்பில் ஏறுவதும், மீனைத் தின்கிறவர்களின் நரம்பைத் தாக்குவதும் அந்த வடிவம்தான். அப்படியென்றால் ஏரிக்குள் வரும் சாக்கடை, அடியில் கிடக்கும் பாதரசத்தையும் கிளப்பிவிடக்கூடிய சாக்கடை. தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் குழம்பு வைக்கிற வீடுகள் இங்கே இருக்கின்றன. இன்றைக்கு அந்த மீனைச் சாப்பிடலாமா கூடாதா என்று அவர்களுக்குச் சொல்ல, கரையில் ஓர் அறிவிப்புப் பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

இதனால்தான் "ஏரியைத் தூர்வாருங்கள்" என்று எல்லோரும் கேட்கும்போது நான் தயங்குகிறேன். சமவெளிக் கண்மாயைத் தூர்வாருவது போல இதை வாரிவிட முடியாது. வண்டலைச் சோதிக்காமல் கலக்கினால் அடங்கிக் கிடப்பது மேலே வரும். வாரிய வண்டலை யாராவது தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால் அங்கேயும் போகும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.

ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர் கரையோடு நின்றுவிடுவதும் இல்லை. மலைப்பாதையில் எட்டு கிலோமீட்டர் கீழே, 180 அடி உயரத்திலிருந்து விழுகிறதே வெள்ளி நீர்வீழ்ச்சி, அது நம் ஏரியின் மிச்சத் தண்ணீர். ஊருக்குள் நுழையும் முன் எல்லா வண்டியும் அங்கே நிற்கிறது. பிள்ளைகள் அதில் கை நனைக்கிறார்கள், சிலர் முகம் கழுவுகிறார்கள், சிலர் பாட்டிலில் பிடிக்கிறார்கள். மேலே ஏரிக்குள் என்ன விடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

இன்னும் மேலே போனால் புல்வெளி. பழனி மலையின் உச்சிச் சரிவுகளில், சோலைக் காட்டையும் புல்வெளியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்த இரண்டும் சேர்ந்துதான். 1970-களின் தொடக்கத்தில் இருந்த புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த 40 ஆண்டுகளில் இல்லாமல் போய்விட்டதை செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்த வேட்டில் மரமும் தைலமரமும் பைனும் பிடித்துக்கொண்டன. வனத்துறையில் இருந்த பிரையண்ட் 1906-இல் பைன் நடத் தொடங்கினார். 1908-இல் ஏரிக்கரையில் பூங்காவும் அமைத்தார். இரண்டையும் ஊர் இன்று காசு கொடுத்துப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் புல்வெளியைத் தரிசு என்று நினைத்தார்கள். நூறு வருஷத்துக்கு அப்புறமும் நாம் அப்படியே நினைப்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

பூங்காவைப் பற்றி நான் கடுமையாக எழுத மாட்டேன். என் அம்மாவின் கை பட்ட மண் அது. மே மாத மலர்க் கண்காட்சிக்கான வேலை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடும். நாற்றை வேர்மண் உதிராமல் குழியில் இறக்கி, இரண்டு பெருவிரலாலும் சுற்றி அமுக்கி, தண்டு சாயாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை லேசாக இழுத்துப் பார்ப்பார். சால்வியா, பேன்சி, டேலியா, டெல்பினியம் என்று அந்த வெளிநாட்டுப் பெயர்களெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயில் சரளமாக வரும். பனிக்கு மூடி, வெயிலுக்குத் திறந்து, மே மூன்றாவது வாரம் பூத்தே ஆக வேண்டும் என்று கணக்குப் பார்த்து வளர்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 20 ஏக்கருக்கு மேல் நிலம், நாற்றங்கால், கண்ணாடி வீடு எல்லாம் இருக்கிறது. இத்தனை திறமை இருக்கிற இடத்தில், இந்த மலைக்கே சொந்தமான புல்லையும் கோரையையும் குறிஞ்சியையும் வளர்க்க ஒரு மூலை ஒதுக்கக் கூடாதா? ஓடை ஏரிக்குள் நுழையும் இடங்களில் கோரையும் சதுப்புச் செடிகளும் அடர்ந்து நின்றால், வரும் மண்ணும் உரமும் பாதி அங்கேயே தங்கிவிடும். முக்குளிப்பான் பறவை கூடு கட்டவும் இடம் கிடைக்கும். இப்போது அந்த இடங்களையும் செதுக்கிச் சுத்தம் செய்து கல் பதிக்கிறீர்கள்.

ஊட்டி ஏரியைப் பாருங்கள். 1820-களில் ஜான் சல்லிவன் உண்டாக்கியது, நம்முடையதைவிட மூத்தது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கும் இடம் வரை ஒரு காலத்தில் அந்த ஏரித் தண்ணீர் நின்றது. மிஞ்சியதற்குள் கோடப்பமந்து கால்வாய் ஊரின் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்பதற்கு நம்மிடம் என்ன உத்தரவாதம் இருக்கிறது?

நம் பக்கத்திலேயே வேறு ஓர் உதாரணமும் உண்டு. பேரிஜம் ஏரி 20 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. அதுவும் சதுப்பை மறித்து உண்டாக்கிய ஏரிதான். வனத்துறை அனுமதிச் சீட்டு கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை உள்ளே விடுகிறது. கரையில் கடை இல்லை, படகு இல்லை. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அதிலிருந்து போகிறது. ஊருக்கு நடுவே இருக்கும் ஏரியைப் பேரிஜம் மாதிரி வைத்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஓர் ஏரியை முதலில் தண்ணீராக நினைத்தால் அது எப்படி இருக்கும் என்பதைப் போய்ப் பார்க்க, ஒரு நாள் போதும்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பில் நம் ஊரின் மக்கள்தொகை 36,501. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் முதல், வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸைக் கொண்டுவர வைத்தது. 2025 சீசனுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் விதித்தது. வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துப் பாருங்கள், ஒரே சனிக்கிழமையில் வந்து சேர்வது ஊரின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். அவர்கள் எல்லோருக்கும் கழிப்பறையும் குளியலும் சாப்பாடும் வேண்டும். வண்டியை எண்ணுகிறோம்; அவர்கள் விட்டுப்போகும் கழிவுநீரை யாரும் எண்ணுவதில்லை. வரம்பு வந்தபோது என் தொழிலில் உள்ள பலர் கோபப்பட்டார்கள், அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் நாறும் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட யாரும் வாடகை தரமாட்டார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரியது.

இனி நான் கேட்பவை.

முதலில், ஏரிக்குள் இறங்கும் ஒவ்வோர் ஓடையையும் ஊற்றிலிருந்து வாய் வரை நடந்து அளந்து, வரைபடமாக வெளியிடுங்கள். எந்த ஓடை எந்த சர்வே எண் வழியாகப் போகிறது, எங்கே மூடப்பட்டிருக்கிறது, எந்தக் குழாய் எங்கே வந்து சேர்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். வருவாய்த் துறைப் பதிவில் ஓடை என்று இருக்கும் இடத்தில் நிற்கும் கட்டடங்களுக்கு, சின்ன வீடு பெரிய விடுதி என்ற பாகுபாடு இல்லாமல், சட்டப்படி நோட்டீஸ் கொடுங்கள். ஏழை வீட்டை மட்டும் இடித்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது நடவடிக்கை ஆகாது.

ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் இருக்கும் எல்லா விடுதிகளும், செப்டிக் டேங்க் எத்தனை லிட்டர், உறிஞ்சு குழி எங்கே, கடைசியாக எப்போது எடுத்தார்கள், எடுத்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்ற விவரத்தை வாசலில் எழுதி வைக்கும்படி செய்யுங்கள். எத்தனை அறைகளுக்குக் கழிவு வசதி இருக்கிறதோ அத்தனை அறைகளுக்கு மட்டும் உரிமம் புதுப்பியுங்கள். ஓடையில் நேராகக் குழாய் விட்டிருப்பவர்களின் இணைப்பை அடுத்த சீசனுக்கு முன்பே அடையுங்கள்.

தண்ணீர், வண்டல், மீன் மூன்றையும் பாதரசத்துக்கும் கழிவுக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மே முடிந்தும் மழை முடிந்தும், சுதந்திரமான ஆய்வகத்தில் சோதியுங்கள். முடிவைத் தமிழில், படகு ஏறும் இடத்திலும் வெள்ளி நீர்வீழ்ச்சியிலும் பலகையில் எழுதுங்கள். மீனைச் சாப்பிடலாமா என்பதற்கு நேரடியான பதில் அதில் இருக்கட்டும். அந்த முடிவு வரும் வரை தூர்வாரும் வேலை எதற்கும் டெண்டர் விடாதீர்கள்.

அறுத்த களையை அன்றைக்கே கரையிலிருந்து அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். சவாரிக் குதிரைகள் நிற்கும் இடத்திலிருந்து சாணம் மழையோடு ஏரிக்குள் இறங்காதபடி, அவற்றைச் சரிவிலிருந்து தள்ளி நிறுத்த ஓர் இடம் கொடுங்கள். குதிரைக்காரர்களும் எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான், அவர்களைக் கலந்து பேசிச் செய்யுங்கள்.

ஓடை வாய்களில் இனி ஒரு கல்கூடப் பதிக்க வேண்டாம். பூங்கா நாற்றங்காலில் ஒரு பகுதியை இம்மலைப் புல்லுக்கும் கோரைக்கும் ஒதுக்கி, அந்த இடங்களில் நடுங்கள். அந்த வேலையில் பூங்காவின் தினக்கூலிப் பெண்களுக்கே முதல் வாய்ப்பும், சீசன் முடிந்த பிறகும் தொடரும் சம்பளமும் கொடுங்கள்.

கரை அழகுபடுத்தும் புதிய திட்டம் எதுவானாலும், மேலே சொன்ன ஓடை வரைபடம் வெளியாகும் வரை நிறுத்தி வையுங்கள். அந்தப் பணத்தில் முதல் தவணையை வரைபடத்துக்கும் சோதனைக்கும் திருப்பிவிடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போதைக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். ஏரிக்கரையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஏரிச் சாலை சைக்கிள்காரன்